கத்தரின் மட்டம் போட்ட நாள்

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பைபிள் மேல் கை வைத்தும் சொல்லலாம். ஆனால் பைபிளில் உவமைகள் இருக்கின்றன. லாவெண்டன் ரப்பர் தோட்டத்துச் செக்ரோலில் உவமை கிடையாது. இன்றைக்கு யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று தினமும் விடியற்காலையில் பேர் கூப்பிட்டு எழுதிய புத்தகம் அது. அதில் இருந்தால் நடந்தது. அதில் இல்லையென்றால் நடக்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. அந்தச் செக்ரோல் மேல் ஆணை, நடந்தது இதுதான்.

மத்தியாஸ் தன் அக்காளின் சவப்பெட்டிக்குள் திருட்டுத்தனமாகக் கையை விட்டுக்கொண்டிருந்தபோது மகள் ட்ரேசி பார்த்துவிட்டாள்.

"என்னா தேடுறீங்கப்பா?"

"ஜெபமாலை கோணலா இருந்துச்சு."

"ஜெபமாலை நெஞ்சு மேல இருக்கு. ஒங்க கை கால்மாட்டுல இருக்கு."

மத்தியாஸ் கையை வெளியே எடுத்தார். விரல்களை விரிக்கவில்லை. எழுபத்திரண்டு வயதில் மகளிடம் பிடிபட்ட மனிதர் எங்கே பார்ப்பாரோ அங்கே, சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

பெட்டி பெரிது. கத்தரின் சிறியவள். இரண்டு வயதில் வந்த காய்ச்சலோடு அவளுடைய கால்கள் வளர்வதை நிறுத்திக்கொண்டன. மற்றதெல்லாம் எழுபத்தாறு வயது வரை வளர்ந்தது. ஆகவே பெட்டியின் கீழ்ப்பாதி காலியாகக் கிடந்தது. ட்ரேசி அதில் அத்தையின் புடவைகளை மடித்து நிரப்பியிருந்தாள். மேலே நான்கு கறுப்பு ரப்பர் மெத்தைகள். முழங்காலுக்கு இரண்டு, உள்ளங்கைக்கு இரண்டு. சக்கர நாற்காலி வருவதற்கு முன்னால் கத்தரின் தவழும்போது போட்டுத் தேய்த்தவை. அவளுடைய டிரங்குப் பெட்டியின் அடியில் கிடைத்தன.

"இத யார் செஞ்சு குடுத்தா?" என்று ட்ரேசி காலையில் கேட்டிருந்தாள்.

"எங்கப்பா பாக்டரியிலேருந்து கொண்டு வந்திருப்பாரு" என்று மத்தியாஸ் சொல்லியிருந்தார். அவருக்குத் தெரியாது.

சுங்கை சிப்புட்டில் அந்தத் தாமான் குடியிருப்பு வீட்டின் முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் பெட்டித் தலைமாட்டு மெழுகுவர்த்திகள் நடுங்கின. இரண்டு மணிக்குப் பெட்டியை மூட வேண்டும். மூன்று மணிக்குக் கோயில். ஃபாதர் போன் செய்து, இறந்தவரைப் பற்றி யாராவது ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"எழுதிட்டீங்களா?"

மத்தியாஸ் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். 'என் அக்காள் கத்தரின் 1948ஆம் ஆண்டு லாவெண்டன் தோட்டத்தில் பிறந்தார்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே வெள்ளை.

"அப்பா, அஞ்சு நிமிசம் பேசணும். இது அஞ்சு செகண்டுதான் லா வரும்."

"அவ வீட்டுலயே இருந்தா. என்னத்த எழுதுறது?"

எழுத ஒரு வாக்கியம் இருந்தது. அதைத்தான் அவர் கைக்குள் மூடி வைத்திருந்தார்: ஒரு பழைய சாவி.

அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது அம்மா அந்தச் சாவியைக் கொடுத்தாள். அப்பாவும் அம்மாவும் இருட்டிலேயே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார்கள். ஆறு மணிக்கு மத்தியாஸ் வெளிக்கதவைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போக வேண்டும். உள்ளே கத்தரின். யாரும் பார்த்துவிடக் கூடாது. மூத்த அக்காளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், இப்படி ஒருத்தி வீட்டில் இருப்பது வெளியே தெரியக் கூடாது. ஏழு வருடம் பூட்டினார். தினமும் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "பூட்டிட்டியா தம்பி? சரி போ, நேரமாச்சு." தன்னைப் பூட்டுகிறவனுடைய பள்ளிக்கூட நேரத்தைப் பற்றிக் கவலைப்படுகிற அக்காள். அறுபத்தைந்து வருடமாக அந்தக் குரல் அவருடைய விலாவில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. இந்த வீட்டில், முன் அறையில், சில வருடங்களாகக் காலை சரியாக ஆறு மணிக்குக் கத்தரின் ஒரு சொல் சொல்லுவாள். "இருக்கேன்." அவ்வளவுதான். கடவுளிடம் சொல்கிறாள் என்று ட்ரேசி நினைத்தாள். மத்தியாஸ் தன்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்தார். ஆறு மணி பூட்டுகிற நேரம் அல்லவா. இன்னும் உள்ளேதான் இருக்கேன் தம்பி. அதனால்தான் அவர் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் ஈப்போவரை காரை விரட்டி, வரிசையில் நின்று, அவளுக்கு உப்புக்கோழி வாங்கி வந்தார். நாற்பது வருடம். ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.

மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நேற்று விடியற்காலை அதற்கும் நேரம் முடிந்துவிட்டது. சாவியையாவது அவளோடு அனுப்பிவிடலாம் என்று பார்த்தால் அதையும் மகள் விடவில்லை.

பன்னிரண்டரைக்கு ஒரு பழைய கஞ்சில் கார் கூடாரத்துக்குள்ளேயே வந்து நின்றது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தள்ளிவிட்டுத்தான் நின்றது. ஓட்டியவள் எழுபதைத் தாண்டிய தடித்த கிழவி. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒல்லிக் கிழவி.

ஒல்லிக் கிழவி இறங்கி, கூட்டத்தின் பொதுவான திசையில் முகத்தைத் திருப்பினாள். "கத்தரின் வீடு இதானே? நான் காளியம்மா, ஹுத்தான் மெலிந்தாங்குலேருந்து வாரேன். எனக்குக் கண்ணு தெரியாது. இவ புஷ்பலதா, லூமுட்டுலேருந்து என்னய வந்து ஏத்திக்கிட்டு வந்தா. இவளுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. நல்லா ஓட்டுவா."

ட்ரேசி காரைப் பார்த்தாள். "ஹார்ன் அடிச்சா எப்படி ஆன்ட்டி?"

"அது நான் கேப்பேன் லா. இடது பக்கம் அடிச்சா இவ இடது தொடையில தட்டுவேன். வலது பக்கம்னா வலது. பின்னாடி லாரி வந்தா கிள்ளுவேன்." சேலையைத் தட்டிச் சரிசெய்துகொண்டாள். "இன்னைக்கு நெறைய கிள்ளிட்டேன்."

புஷ்பலதாவை மத்தியாஸுக்கு ஞாபகம் வந்தது. லாவெண்டன் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், மூன்றாவது வீடு. காது கேட்காவிட்டாலும் தண்ணீர் தூக்க ஆகும் என்பதால் அவளைப் பூட்டவில்லை. காளியம்மாவை அவர் பார்த்ததே இல்லை. ஒரே லயத்தில் பத்து வீடு தள்ளிப் பதினைந்து வருடம் இருந்திருக்கிறாள். ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

"அக்கா, அவ போயிட்டான்னு ஒங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நேத்து ஆறு மணிக்குப் பேரு கூப்பிட்டேன். பதில் இல்ல. போனு கெட்டுப்போயிருக்கும்னு இருந்தோம். இன்னைக்கும் இல்ல. காடிய எடுறீ, போய்ப் பாத்துருவோம்னு இவளுக்குச் சொன்னேன்."

அவள் போனைத் தடவி அழுத்தினாள். முந்தாநாள் தேதியில் வந்த குரல் கூடாரம் முழுவதும் கேட்டது.

"இருக்கேன்."

மத்தியாஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வாட்ஸ்அப்பு குரூப்பு" என்றாள் காளியம்மா. "பேரு 'பெரட்டு'. எனக்குக் குரலு அனுப்புவா, இவளுக்குக் கை படம் அனுப்புவா."

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பது. எல்லோரும் களத்தில் கூட, கங்காணியான மண்டோர் பேர் பேராகக் கூப்பிடுவார். வந்தவர் 'இருக்கேன்' என்பார். வராதவருக்கு அவர் வீட்டு ஆள் ஒருவர் 'மட்டம்' என்று பதில் சொல்ல வேண்டும். இது ட்ரேசிக்குத் தெரியும். வீட்டைவிட்டு வெளியே போகாத அத்தைக்கு என்ன பெரட்டு என்பதுதான் தெரியவில்லை.

மத்தியாஸுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வந்திருப்பது அக்காளின் சிநேகிதிகள். இனி சொல்வதற்கு உலகத்தில் வேறு ஆள் இல்லை. கைவிரல்களை விரித்தார்.

"அக்கா, நான்தான் அவள வச்சுப் பூட்டுவேன். ஏழு வருசம். இதான் சாவி. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

ட்ரேசி அப்பாவைப் பார்த்தாள். காளியம்மா கை நீட்டி, சாவியை வாங்கி, பல்லைத் தடவிப் பார்த்தாள். பிறகு அதைப் புஷ்பலதாவுக்கு நேரே தூக்கிக் காட்டி, காற்றில் கைகளை வேகமாக ஆட்டினாள். புஷ்பலதாவின் உடம்பு முழுவதும் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரிய மத்தியாஸுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு கயிற்றை இழுத்தாள். நுனியில் ஒரு சாவி. இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். ஒரே பல்.

"தோட்டத்துக் கடைக்காரரு பினாங்குலேருந்து ஒரு பெட்டி பூட்டு வாங்கியாந்தாரு, தம்பி" என்றாள் காளியம்மா. "எல்லாத்துக்கும் ஒரே சாவி. லயமே அது தெரியாம பூட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. எட்டு வயசுல இவ கண்டுபிடிச்சா. நீ ஆறு மணிக்குப் பூட்டுவ. ஆறே காலுக்கு இவ தொறப்பா, ஆளுங்க திரும்புமுன்ன மறுபடி பூட்டிருவா."

"எப்பவாச்சும் ஒரு நாளா?"

"மழை பேஞ்சா லீவு."

மத்தியாஸ் உட்கார்ந்தார். பின்னால் நாற்காலி இருந்தது நல்லதாகப் போயிற்று.

"இருபது வீடு லயம்" என்று ட்ரேசியின் பக்கம் திரும்பினாள் காளியம்மா. "அதுல ஆறு வீட்டுல ஒரு பொண்ண வச்சுப் பூட்டியிருந்தாங்க. கண்ணு இல்லாதவ நான். காலு வராதவ ஒங்கத்தை. வலிப்பு வாரவ, ஒரு கை இல்லாதவ, கூனு உள்ளவ, வயசுக்குப் புத்தி வளராத சவரியம்மா. இவளோட ஏழு."

"யாருக்கும் தெரியாதா ஆன்ட்டி?"

"எல்லாருக்கும் தெரியும். அவங்கவங்க வீட்டுல ஒண்ணு இருந்துச்சே. யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க."

ட்ரேசி அப்பாவின் காகிதத்தைப் பிடுங்கி, பேனாவைத் திறந்தாள். "தொறந்து விட்டு? என்னா செஞ்சீங்க?"

"வேலைக்குப் போனோம். வேற என்னா செய்வாங்க தோட்டத்துல?"

கூடாரத்திலிருந்தவர்கள் நாற்காலியோடு நகர்ந்து வந்தார்கள். காளியம்மா சொன்னது அத்தனையும் இங்கே அப்படியே இருக்கிறது, கூட்டியது இல்லை.

அப்போது கத்தரின்தான் மண்டோர்; வாட்ஸ்அப்பில்தான் பேர் கூப்பிடுகிற வேலை காளியம்மாவுக்கு வந்தது. காலையில் லயம் காலியானதும் பெரட்டுக் களத்தில் உட்கார்ந்து ஏழு பேரையும் கூப்பிடுவாள். பிறகு ஒன்பதாம் நிரை என்ற மர வரிசை. அங்கே இருந்தவை கிழட்டு மரங்கள், தோட்டம் கைவிட்டவை. காளியம்மா உளியைப் பிடிப்பாள், விரலால் பட்டையைத் தடவித் தடவி வெட்டுவாள். புஷ்பலதா வாளி தூக்குவாள். சவரியம்மா பால் வடியும் மங்குகளைக் கவிழ்த்துத் துடைப்பாள். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நிரைக்குப் போக ஆபீஸ் குமாஸ்தா கிராணியின் சைக்கிள். அவர் ஆபீஸில் செக்ரோல் எழுதுகிற ஒரு மணி நேரம் அது சும்மாதானே நிற்கிறது. காளியம்மா மிதிப்பாள். கத்தரின் முன்கம்பியில் உட்கார்ந்து ஹாண்டில் பிடிப்பாள். விழுந்தது இரண்டே முறை. தன் சைக்கிள் டயர் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்று கிராணி கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினார்.

"ஒன்பதாம் நிரை" என்றார் மத்தியாஸ். குரல் ஏறியது. "அங்க பேய் வெட்டுதுன்னு சொன்னாங்களே."

"தோட்டத்து மண்டோரு வந்து பாத்தாரு தம்பி. பட்டை சீவியிருக்கு, மரத்துல ஒரு காயம் இல்ல. மனுசன் வெட்டினா அங்க இங்க காயம் படும், இது பேய் வெட்டுதான்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"எங்கப்பா ஃபாதர கூட்டியாந்து தீர்த்தம் தெளிச்சாரு."

"எங்கப்பா முனியாண்டிக்குக் கெடா வெட்டினாரு. வீட்டுக்கு வீடு கறி குடுத்தாங்க. பேய்க்குப் போட்ட கறி பேய்க்கே வந்து சேந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினார்கள். மத்தியாஸ் நிறுத்தவில்லை.

பாலை என்ன செய்தார்கள் என்று ட்ரேசி கேட்டாள். காளியம்மா தட்டுத் தடுமாறாமல் பெட்டிக்குப் போய், ரப்பர் வாடை பிடித்துக் கால்மாட்டில் கையை விட்டு, ஒரு கறுப்பு மெத்தையை எடுத்தாள்.

"இந்தா. செம்மண்ணுல அவ முட்டி கிழிஞ்சு புண்ணா இருக்கும். களிமண்ணுல அச்சு செஞ்சு பால ஊத்தினோம். ரப்பர் சீட்டு காயுற புகை வீட்டுல, வேல முடிஞ்சதும், காய வச்சோம். எனக்குக் கம்புக்கு நுனி செஞ்சோம். வலிப்பு வாரவளுக்குத் தலைக்கு. யாருக்கு என்னா வேணுமோ அது."

வெட்டுக்கோட்டில் உறைந்து மிச்சமான கோட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றி ஒரு பந்து செய்தார்கள். மூன்று வருடத்தில் அது புஷ்பலதாவின் இடுப்பு உயரம் வந்தது. ஒரு நாள் மேட்டிலிருந்து கை நழுவிவிட்டது. அது துள்ளித் துள்ளிப் போய் துரையின் பங்களாக் கூரையில் ஒரு முறை இறங்கி, ஆற்றில் விழுந்து, கடலுக்குப் போய்விட்டது. துரை மறு மாதம் லீவு போட்டுச் சீமைக்குப் போனார். திரும்பவில்லை.

"வானத்துலேருந்து விழுந்துச்சுன்னு ஸ்கூல்ல கட்டுரை எழுதினோம்" என்றார் மத்தியாஸ். "எனக்கு முதல் பரிசு குடுத்தாங்க. அவகிட்டதான் முதல்ல வந்து படிச்சுக் காட்டினேன். நல்லா எழுதியிருக்கேன்னு சொன்னா."

பிறகு வேறொன்று நினைவுக்கு வந்தது. பூட்டிட்டியா தம்பி. சரி போ, நேரமாச்சு.

"அப்ப அவ என்னய வெரட்டியிருக்கா."

"நீ கதவாண்ட நின்னு அழுதுக்கிட்டு நேரத்தக் கடத்துவியாம்ல. பெரட்டுக்கு லேட்டாகுதுன்னு தினம் ஏசுவா."

"சரி, அப்ப சொல்லல. பெறகாவது சொல்லியிருக்கலாம்ல? அறுபத்தஞ்சு வருசம்."

காளியம்மா முதன்முறையாகத் தயங்கினாள். புஷ்பலதாவின் பக்கம் கையை அசைத்துக் கேட்டாள். புஷ்பலதா அவள் உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதினாள்.

"சொல்லிரலாம்கிறா. நாங்களும் அவகிட்ட கேட்டோம் தம்பி. சொன்னா ஞாயித்துக்கிழமை கோழி நின்னுருமேன்னா."

மத்தியாஸ் பெட்டிக்குள் பார்த்தார். கத்தரின் கண்ணை மூடி, ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, எதுவும் தெரியாதவளைப் போலக் கிடந்தாள். இந்த முகத்தை அவருக்குத் தெரியும். உப்புக்கோழிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது இப்படித்தான் வைத்திருப்பாள்.

இரண்டு மணிக்குப் பெட்டியை மூடினார்கள். சாவியை உள்ளே போட மத்தியாஸுக்கு இப்போது மனம் இல்லை.

பிண வண்டி டிரைவர் தனேஸ்வரன் இஞ்சினைக் கிளப்பியபோது காளியம்மா வண்டிக் கதவைத் தட்டினாள். "கோயிலுக்கு முன்னாடி தோட்டத்துக்குப் போவணும். இவ பேரக் கடைசியா ஒரு வாட்டி களத்துல கூப்பிடணும். மத்த நாலு பேருக்கும் அப்படித்தான் செஞ்சோம்."

"எந்தத் தோட்டம்? அங்க செம்பனை போட்டு முப்பது வருசம் ஆச்சு லா" என்றார் தனேஸ்வரன். "ரூட்டு மாத்தினா மொதலாளி ஏசுவாரு அங்கிள். ஃபாதர் மூணு மணிக்கு நிப்பாரு."

ட்ரேசி கடிகாரத்தைப் பார்த்தாள். எல்லோரும் மத்தியாஸைப் பார்த்தார்கள். அவருடைய கண்கள், கவிஞர்கள் சொல்வதுபோல அல்லாமல், உண்மையாகவே பளபளத்தன.

"தனேசு, திருப்பு. அக்காவுக்கு பெரட்டு லேட்டானா பிடிக்காது."

முன்னால் கஞ்சில், பின்னால் பிண வண்டி, அதன் பின்னால் எட்டு கார்கள், பன்னிரண்டு மோட்டார் சைக்கிள். ரயில்வே கேட் வரை கஞ்சில் சிக்னல் எதற்கும் நிற்கவில்லை. சவ ஊர்வலம் என்று மற்றவர்கள் நின்றார்கள். செம்மண் பாதையில் திரும்பியபோது தனேஸ்வரனே சிரித்துக்கொண்டிருந்தார். ட்ரேசி குலுங்கும் வண்டியில் காகிதத்தின் பின்பக்கத்தையும் எழுதி நிரப்பிவிட்டு, ஓரங்களில் எழுதிக்கொண்டு வந்தாள்.

லயம் இல்லை. எண்ணெய்க்குப் பயிரிட்ட செம்பனைக்கு நடுவே பெரட்டுக் களத்தின் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். ஓரத்து மரத்தில் ஒரு துண்டுத் தண்டவாளம். பெரட்டுக்கு மணியாக அடித்தது. மரம் அதைப் பாதி விழுங்கியிருந்தது. காளியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, காலால் தரையைத் தேடிப் போய், ஒரு வெடிப்பின் மேல் நின்றாள். அதுதான் அவளுடைய இடம். தனேஸ்வரன் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்தார். புஷ்பலதா ஒரு கல்லை எடுத்துத் தண்டவாளத்தை அடித்தாள். இன்னொரு கையை மரத்தில் வைத்து, அது நடுங்கி அடங்கும்வரை நின்றாள்.

காளியம்மா கூப்பிட்டாள். நான்கு பேர். ஒவ்வொரு பேருக்கும் புஷ்பலதா கையை இடமும் வலமுமாக அசைத்தாள்: மட்டம். அந்த நான்கு பெயர்களை இன்றைக்கு முன் மத்தியாஸ் கேட்டதில்லை. ஆனால் அந்தத் தகப்பன்மார் எல்லோரையும் அவருக்குத் தெரியும்.

"புஷ்பலதா."

அவள் கையைத் தூக்கினாள்.

"காளியம்மா. இருக்கேன்."

காற்று செம்பனை மட்டைகளை உரசிக்கொண்டு போனது.

"கத்தரின்."

வீட்டு ஆள் பதில் சொல்ல வேண்டும். மத்தியாஸ் சிமெண்டுத் தரையில் ஏறினார். அதற்குள் காளியம்மா இரண்டாம் தரம் கூப்பிட்டுவிட்டாள். மண்டோர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

"கத்தரின்."

"மட்டம்" என்றார்.

புஷ்பலதா கயிற்றோடு தன் சாவியைக் கழற்றி அவருடைய கையில் வைத்தாள். இப்போது அவரிடம் இரண்டு இருந்தன.

மணி இரண்டே முக்கால். எல்லோரும் கார்களுக்கு ஓடினார்கள். தனேஸ்வரன் பின்கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பாதை மோசமா இருக்கு அங்கிள். பூட்டிரட்டா?"

மத்தியாஸ் கதவைப் பார்த்தார்.

"வேணாம். சும்மா சாத்து, போதும்."

லாவெண்டன் தோட்டத்துச் செக்ரோலில், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, அந்த ஏழு பேரில் ஒருத்தியின் பேரும் இல்லை.